பச்சைக் குச்சி பத்து போதாது: அவென்யூ ரோட்டுத் தசமப் பெட்டி

பெங்களூரு அவென்யூ ரோட்டில் நோட்டு, பாடப்புத்தகம் விற்கும் கடைகளில் "மேத்ஸ் கிட்" என்று கேட்டால், நான்கு நிறக் கட்டைகள் போட்ட ஒரு பிளாஸ்டிக் பெட்டியை எடுத்து வைப்பார்கள். ஐந்தாம் ஆறாம் வகுப்புப் பிள்ளைக்கு, தசமம் சொல்லித்தர வேண்டும் என்றால், அதே கட்டைகளோடு சில அட்டைகளும் விளையாட்டுக் காசும் சேர்ந்த இன்னொரு பெட்டி வரும். இங்கே பார்ப்பது அந்த இரண்டாவது பெட்டியை. விலை 850 ரூபாய்.

அல்சூர், ஸ்ரீராம்புரம், லிங்கராஜபுரம் பக்கம் வீட்டில் உட்கார்ந்து பிள்ளைக்குக் கணக்குச் சொல்லித் தருகிறவர்களும், சாயங்காலம் பத்துப் பிள்ளைகளை வைத்து டியூஷன் எடுப்பவர்களும் இதை வாங்கலாமா? கட்டைகளுக்காக வாங்கலாம். கூட வரும் அட்டைச் சாமான்களில் பாதி, பிள்ளையை இன்னும் குழப்பிவிடும். வழிகாட்டித் தாளைப் பெட்டியை விட்டு வெளியே எடுக்காமலிருப்பது நல்லது.

கட்டைகள் மொத்தம் 121. ஒரு சென்டிமீட்டர் பக்கமுள்ள மஞ்சள் சிறுகட்டை 100. பத்துச் சிறுகட்டை நீளத்துக்குப் பச்சைக் குச்சி 10. பத்துக் குச்சி அகலத்துக்கு நீலத் தட்டு 10. பத்துத் தட்டு உயரத்துக்குச் சிவப்புக் கனசதுரம் 1. ஹங்கேரியில் பிறந்த கணித அறிஞர் சோல்டான் டைன்ஸ் (1916–2014) பரப்பிய கட்டை முறை இது. அதனால் சில கடைகளில் "டைன்ஸ் பிளாக்" என்றும் சொல்வார்கள். கூடவே ஓர் இடமதிப்பு அட்டை, ஒரு நழுவும் பட்டை, எண்கோட்டு நாடா, ஒப்பிடும் சீட்டுகள், விளையாட்டுக் காசு.

பணம் கொடுக்குமுன் கடையிலேயே இரண்டு சோதனை செய்துவிடுங்கள். பத்துச் சிறுகட்டைகளை வரிசையாக ஒட்டி வைத்து, பக்கத்தில் ஒரு குச்சியை வையுங்கள். நுனிகள் ஒரு மில்லிமீட்டருக்கு மேல் விலகினால் வேறு பெட்டி கேளுங்கள். மலிவான அச்சில் வார்த்த கட்டை ஒவ்வொன்றும் 0.3 மில்லிமீட்டர் கூடியிருந்தாலே பத்துக்கு 3 மில்லிமீட்டர் ஆகிவிடும். "பத்துச் சின்னது சேர்ந்தா ஒரு பெருசு" என்று நீங்கள் வாயால் சொல்ல, பிள்ளையின் கண் அதை மறுக்கும். அடுத்தது, பத்துத் தட்டுகளை அடுக்கிக் கனசதுரத்தின் பக்கத்தில் வையுங்கள். தட்டு வளைந்திருந்தால் அடுக்கு உயர்ந்து நிற்கும். வெயிலில் கிடந்த சரக்கில் இந்தக் குறை உண்டு. கடைக்காரர் முகம் சுளித்தாலும் பரவாயில்லை, ஐந்து நிமிஷ வேலை.

ஒன்று எது?

பெட்டியின் மொத்தப் பயனும் இந்தக் கேள்வியில்தான் இருக்கிறது. வழிகாட்டித் தாள் இதை ஒரே வரியில் தாண்டிவிடுகிறது: தட்டு 1, குச்சி 0.1, சிறுகட்டை 0.01. முடிந்தது. ஆனால் இந்தக் கட்டைகளைப் பிள்ளை இரண்டாம் வகுப்பிலேயே பார்த்திருக்கும். அங்கே சிறுகட்டை ஒன்று, குச்சி பத்து, தட்டு நூறு. இரண்டு தட்டு, மூன்று குச்சி, நான்கு சிறுகட்டையை வைத்து "எவ்வளவு?" என்றால் 234 என்றுதான் சொல்லும். அது தப்புமில்லை. ஒன்று எது என்று சொல்லாமல் கேட்ட கேள்விதான் அரைகுறை.

அதனால் முதல் நாள் சிறுகட்டைகளைக் கண்ணிலேயே காட்டாதீர்கள். ஒரு நீலத் தட்டை மட்டும் வெள்ளைத் தாளில் வைத்து, இது ஒரு தட்டு மைசூர்பாக்கு, இதுதான் ஒன்று என்று சொல்லுங்கள். பத்துக் குச்சிகளை அதன்மேல் அடுக்கச் சொல்லுங்கள், சரியாக மூடும். ஒரு குச்சியை எடுத்து, "இது எத்தனை பங்குல ஒரு பங்கு?" என்று கேட்டு, "பத்தில் ஒன்று" என்ற பெயரை வரவழையுங்கள். 0.1 என்று எழுதுவது அதற்குப் பிறகுதான். அடுத்து ஒரு குச்சியின்மேல் பத்துச் சிறுகட்டை. தட்டு முழுவதையும் மூட எத்தனை வேண்டும் என்று கேட்டுவிட்டுச் சும்மா இருங்கள். நூறு என்று அதுவே சொல்லட்டும். பெயர் நூறில் ஒன்று, எழுத்து 0.01. இதே கட்டைகளைத் திரும்ப வைத்துக் கேட்டால் இப்போது 2.34 வரும்.

இத்தோடு நிறுத்தினால் பிள்ளை நிறத்தை மனப்பாடம் செய்துகொள்ளும். பச்சை என்றால் பாயிண்ட் ஒன்று என்று. அடுத்த நாள் சிவப்புக் கனசதுரத்தை எடுத்து, இன்றைக்கு இதுதான் ஒன்று என்று சொல்லுங்கள். தட்டு பத்தில் ஒன்று, குச்சி நூறில் ஒன்று, சிறுகட்டை ஆயிரத்தில் ஒன்று ஆகிவிடும். நேற்று 2.34 ஆக இருந்த அதே குவியல் இன்றைக்கு 0.234. மூன்றாம் நாள் குச்சியையே ஒன்றாக்குங்கள்: சிறுகட்டை 0.1, தட்டு 10, கனசதுரம் 100, குவியல் 23.4. ஒரே குவியலுக்கு நான்கு பெயர். கட்டை மாறவில்லை, புள்ளி மட்டும் இடம் மாறியிருக்கிறது. ஏனென்றால் புள்ளியின் வேலையே "ஒன்று இங்கே முடிகிறது" என்று காட்டுவதுதான். குச்சியைக் கையில் கொடுத்து "இது எவ்வளவு?" என்று கேட்கும்போது, பிள்ளை பதில் சொல்லாமல் "எது ஒன்னு?" என்று திருப்பிக் கேட்டால் 850 ரூபாயில் பெரும்பகுதி வசூலாகிவிட்டது.

நிறம் மனசில் ஒட்டிக்கொள்வது இந்தப் பிளாஸ்டிக் பெட்டியின் நிஜமான குறை. எல்லாம் ஒரே மரநிறமாக இருக்கும் பெட்டியில் இந்தத் தொல்லை இல்லை. ஆனால் மரக்கட்டையில் கோடுகள் அச்சடித்த மையாக இருந்தால் சீக்கிரம் அழிந்துவிடும். கீறிய பள்ளமாக இருப்பதாகப் பார்த்து வாங்குங்கள்.

பெயரைத் தமிழில் சொல்லச் சொல்வதற்கு ஒரு காரணம் உண்டு. இங்கே தமிழ்ப் பிள்ளைகளில் பலரும் இங்கிலீஷ் மீடியம். வகுப்பில் "டென்ஸ்", "டென்த்ஸ்", "ஹண்ட்ரட்ஸ்", "ஹண்ட்ரட்த்ஸ்" என்று ஓடும். கடைசி பெஞ்சுக் காதுக்கு டென்ஸும் டென்த்ஸும் ஒன்றுதான். பத்து, பத்தில் ஒன்று என்று தமிழில் சொன்னால் குழம்ப வழியே இல்லை. எது பெரியது, எதற்குள் எது அடங்கும் என்பதெல்லாம் சொல்லிலேயே இருக்கிறது. முதலில் தமிழ்ப் பெயர், அது உறுதியானபின் பரீட்சைக்கான இங்கிலீஷ் பெயர்.

படிக்கும் விதத்திலும் கவனம் வேண்டும். 0.25ஐப் "பாயிண்ட் இருபத்தஞ்சு" என்று படிப்பது எல்லார் வீட்டிலும் நடக்கிறது.

"பாயிண்ட் மூணு பெருசா, பாயிண்ட் இருபத்தஞ்சு பெருசாடா கண்ணா?"

"இருபத்தஞ்சும்மா!"

தப்பான பதில் கேள்விக்குள்ளேயே உட்கார்ந்திருந்தது. "பாயிண்ட் ரெண்டு அஞ்சு" என்று ஒவ்வொரு இலக்கமாகப் படியுங்கள். இல்லாவிட்டால் "நூறில் இருபத்தைந்து" என்று முழுப் பெயரைச் சொல்லுங்கள். இரண்டையும் கலந்த அரைப்பெயர்தான் கெடுக்கிறது.

அட்டையில் இருக்கும் தப்புகள்

இடமதிப்பு அட்டையில் கட்டங்கள் இப்படி இருக்கின்றன: பத்து, ஒன்று, புள்ளி, பத்தில் ஒன்று, நூறில் ஒன்று. புள்ளிக்குத் தனிக் கட்டம்! மற்றக் கட்டங்கள் அகலத்துக்கே அதுவும் இருக்கிறது. இதை வைத்துப் பழகிய பிள்ளை, புள்ளியும் ஓர் இடம் என்று எண்ணிக்கொள்ளும். பத்தால் பெருக்கும்போது இலக்கம் புள்ளிக் கட்டத்தில் வந்து இறங்கும், எங்கே போவது என்று தெரியாமல் முழிக்கும். சரிசெய்வது சுலபம். புள்ளிக் கட்டத்தை உள்பக்கமாக மடித்து டேப் ஒட்டி, ஒன்று கட்டத்துக்கும் பத்தில் ஒன்று கட்டத்துக்கும் நடுவேயுள்ள கோட்டின்மேல் மார்க்கரால் ஒரு புள்ளி வையுங்கள்.

இன்னொரு குழப்பமும் இதோடு சேர்ந்தது. இடது பக்கம் ஒன்று, பத்து, நூறு என்று இருப்பதால், வலது பக்கமும் "ஒன்றில் ஒன்று" என ஓர் இடம் இருக்க வேண்டுமே என்று பிள்ளைகள் தேடுவார்கள். புள்ளியைக் கண்ணாடி என்று நினைப்பதால் வரும் தேடல் அது. நடுவில் நிற்பது ஒன்றாம் இடம். அதிலிருந்து இடப்பக்கம் ஓரடி பத்து, வலப்பக்கம் ஓரடி பத்தில் ஒன்று. இரண்டடி தள்ளினால் நூறும் நூறில் ஒன்றும். 1585இல் தசமத்தை ஐரோப்பாவில் விளக்கி எழுதிய சைமன் ஸ்டீவின் புள்ளியே வைக்கவில்லை. ஒன்றாம் இடத்துக்கு வட்டத்துக்குள் 0, அடுத்ததற்கு வட்டத்துக்குள் 1, அதற்கடுத்து வட்டத்துக்குள் 2 என்று குறித்தார். அட்டையின் தலைப்பில் இந்த வட்ட எண்களைப் பென்சிலால் எழுதி வைத்தால், நடு எது என்ற சந்தேகம் எழாது.

நழுவும் பட்டை இந்தப் பெட்டியிலேயே கெட்டிக்காரத்தனமான பொருள். புள்ளி சட்டத்தில் அச்சாகி அசையாமல் நிற்கும். இலக்கங்கள் எழுதிய பட்டை பின்னால் நகரும். பத்தால் பெருக்க இடப்பக்கம் ஓரிடம், வகுக்க வலப்பக்கம் ஓரிடம். பத்தால் பெருக்கினால் "சைபர் சேர்" என்று சின்ன வகுப்பில் கற்றதை 2.5இல் செய்தால் 2.50 வரும், அதாவது ஒன்றுமே ஆகவில்லை. பட்டையை நகர்த்திப் பார்த்த பிள்ளை 25 என்று சொல்லும். ஆனால் சட்டத்தில் ஜன்னல் நான்கே இடத்துக்குத்தான். 3.75ஐ நூறால் வகுத்தால் 0.0375, கடைசி இரண்டு இலக்கங்கள் சட்டத்துக்கு வெளியே ஓடிவிடும். காலண்டர் அட்டையை வெட்டி ஏழு ஜன்னலோடு ஒன்று செய்துகொள்வது கால்மணி நேர வேலை.

எண்கோட்டு நாடா 0இல் தொடங்கி 1இல் முடிகிறது. தசமம் என்றாலே ஒன்றைவிடச் சின்னது என்ற எண்ணம் இங்கேதான் ஊறும். 0.8, 0.9, அடுத்து 0.10 என்று எண்ணும் பழக்கத்தையும் இந்த நாடா திருத்தாது, ஏனென்றால் 0.9க்கு அடுத்த பெரிய கோட்டிலேயே அது செத்துவிடுகிறது. சிக்குப்பேட்டைத் தையல் சாமான் கடைகளில் கிடைக்கும் 150 சென்டிமீட்டர் தையல் டேப்பை இதற்குப் பதிலாகச் சுவரில் ஒட்டுங்கள். 100 சென்டிமீட்டரை ஒன்று என்று வைத்தால், பத்து சென்டிமீட்டருக்கு 0.1, ஒரு சென்டிமீட்டருக்கு 0.01, மில்லிமீட்டருக்கு 0.001. 0.9ஐத் தாண்டி 1, 1.1, 1.2 என்று 1.5வரை போகலாம். பிள்ளையின் உயரத்தையே 1.32 என்று அதில் குறிக்கலாம்.

ஒப்பிடும் சீட்டுகளைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகவே சொல்ல வேண்டும், ஏனென்றால் இவை நல்லவை போலத் தெரியும். 0.4, 0.7 எது பெரியது? 0.35, 0.53? எல்லாச் சீட்டிலும் இரண்டு எண்ணுக்கும் ஒரே நீளம். புள்ளியைப் பார்க்காமலே 35, 53 என்று ஒப்பிடும் பிள்ளையும் எல்லாவற்றையும் சரியாகச் சொல்லிவிடும். முழு மதிப்பெண் வாங்கியும் தசமம் தெரியாமலிருக்கலாம். சீட்டுகளின் பின்பக்கம் வெறுமையாக இருக்கிறது. அதில் இவற்றை எழுதிக்கொள்ளுங்கள்: 0.3–0.25, 0.3–0.45, 0.5–0.125, 0.7–0.70, 0.08–0.1, 1.05–1.5, 4.63–4.638.

பதில்களைக் கூட்டி மதிப்பெண் போடாதீர்கள். எந்தச் சீட்டில் தடுக்குகிறது என்று பாருங்கள். 0.25 தான் 0.3ஐவிடப் பெரியது என்றால், நீளமானது பெரியது என்ற நினைப்பு. முழு எண் பழக்கம் அது. 0.3 தான் 0.45ஐவிடப் பெரியது என்று சொல்லும் பிள்ளைகளும் உண்டு. நூறில் ஒன்று சின்னத் துண்டு, ஆகவே நூறில் எத்தனை இருந்தாலும் சின்னதுதான் என்று அது யோசிக்கிறது. இந்தப் பிள்ளை முதல் சீட்டைச் சரியாகச் சொல்லிவிடும்! காரணம் தப்பு, விடை சரி. அதனால்தான் 0.3–0.25, 0.3–0.45 இரண்டும் ஜோடியாக வேண்டும். 4.63ம் 4.638ம் சமம் என்று சொன்னால் காசுக் கணக்கு தலைக்கு ஏறியிருக்கிறது. இரண்டு இடத்துக்குப் பிறகு ஒன்றும் கிடையாது என்ற முடிவு. முதல் இருவருக்கும் கட்டை வைத்துக் காட்டினால் போதும். மூன்று குச்சிக்குப் பக்கத்தில் இரண்டு குச்சியும் ஐந்து சிறுகட்டையும், பிறகு மூன்று குச்சிக்குப் பக்கத்தில் நான்கு குச்சியும் ஐந்து சிறுகட்டையும். 0.7க்கும் 0.70க்கும் அப்படியே: ஏழு குச்சி இரண்டிலும் இருக்கிறது, 0.70 சிறுகட்டை ஒன்றுமில்லை என்று கூடுதலாகச் சொல்கிறது, அவ்வளவுதான். மூன்றாமவருக்குக் கனசதுரத்தை ஒன்றாக்கும் நாள் வரவேண்டும்.

குச்சி தீர்ந்துபோகும் இடம்

2.84ஐயும் 1.79ஐயும் கூட்டப் பாருங்கள். தட்டு மூன்று, குச்சி எட்டும் ஏழும் பதினைந்து, சிறுகட்டை நான்கும் ஒன்பதும் பதின்மூன்று. பெட்டியில் குச்சி பத்துதான்! கூட்டல் பாதியில் நிற்கும். முழு எண் வகுப்புக்காகச் சேர்த்த எண்ணிக்கையை அப்படியே தசமப் பெட்டி என்று விற்பதால் வந்த வினை இது. சிறுகட்டை நூறு இருப்பதில், இரண்டு எண்களைக் கூட்ட அதிகபட்சம் பதினெட்டுதான் வேண்டும். குச்சியோ, கீழிருந்து மாற்றி வருவதையும் சேர்த்துப் பத்தொன்பது வரை வேண்டும். கூடுதலாகப் பத்துக் குச்சி வாங்கியே ஆகவேண்டும்.

குச்சி இருந்தால் மற்றபடி இந்த வேலையைக் கட்டை அருமையாகச் செய்கிறது. பதின்மூன்று சிறுகட்டையில் பத்தைக் கொடுத்து ஒரு குச்சி வாங்கு. பதினாறு குச்சியில் பத்தைக் கொடுத்து ஒரு தட்டு வாங்கு. நான்கு தட்டு, ஆறு குச்சி, மூன்று சிறுகட்டை: 4.63. 3.4ஐயும் 0.25ஐயும் தாளில் கூட்டும்போது கடைசி இலக்கங்களை ஒரே வரிசையில் நிறுத்தி 3.29 அல்லது 0.59 என்று கொண்டுவரும் பிள்ளை, கையில் குச்சியையும் சிறுகட்டையையும் வைத்துக்கொண்டு ஒருநாளும் அப்படிச் சேர்க்காது. நான்கு குச்சியோடு இரண்டு குச்சிதான் சேரும். "புள்ளிக்கு நேரே புள்ளி" என்ற விதியின் உள்ளே இருப்பது இதுதான்: ஒரே அளவுத் துண்டோடு ஒரே அளவுத் துண்டு.

கழித்தலில் 2 – 0.37 ஒன்றைச் செய்தாலே மொத்தமும் தெரிந்துவிடும். 2.37, 1.37, 0.35 என்று மூன்று தப்பும் வரக்கூடிய கணக்கு இது. இரண்டு தட்டில் ஒன்றைக் கொடுத்துப் பத்துக் குச்சி வாங்கி, அதில் ஒன்றைக் கொடுத்துப் பத்துச் சிறுகட்டை வாங்கினால் 1 தட்டு, 9 குச்சி, 10 சிறுகட்டை. மூன்று குச்சியும் ஏழு சிறுகட்டையும் எடுத்தால் 1.63. ஒவ்வொரு மாற்றத்தையும் அப்போதைக்கப்போதே தாளில் எழுத வையுங்கள். கட்டை முழுதும் நகர்த்திவிட்டு விடையை மட்டும் எழுதினால் நாளைக்குக் கட்டை இல்லாதபோது கை ஓடாது.

விளையாட்டுக் காசைப் பற்றி ஒரு வார்த்தை. பெட்டியில் 10 பைசா, 25 பைசா வட்டங்கள் இருக்கின்றன. 25 பைசாவும் அதற்குக் கீழுள்ள காசுகளும் 2011 ஜூன் 30க்குப் பிறகு செல்லாது. இப்போது ஆறாம் வகுப்பில் இருக்கும் பிள்ளை அவற்றைக் கண்டதே இல்லை. தெரியாத ஒன்றை விளக்கத் தெரியாத இன்னொன்றைக் கொண்டுவந்த கதை. வீட்டில் தாத்தா பாட்டி இருந்தால் பழைய காசு வேறு வழியில் பயன்படும். 1957 ஏப்ரல் 1க்கு முன்பு ரூபாய்க்குப் பதினாறு அணா. அன்றிலிருந்து நூறு நயா பைசா. ஓரணா 6.25 நயா பைசா ஆனது. சில்லறை சரியாக வராது. பதினாறாகப் பிரித்த முழுமைக்கும் நூறாகப் பிரித்த முழுமைக்கும் உள்ள இடைவெளியை இதைவிட நன்றாகக் காட்ட முடியாது.

காசைவிடக் கடைத் தராசு நல்ல வாத்தியார். காய்கறிக் கடை எலக்ட்ரானிக் தராசு கிலோவைப் புள்ளிக்குப் பின் மூன்று இடத்தில் காட்டும். கால் கிலோ பீன்ஸ் 0.250, அரை கிலோ 0.500, முக்கால் 0.750. 30 கிலோ வரை நிறுக்கும் பல தராசுகள் ஐந்து ஐந்து கிராமாகத்தான் நகரும் என்பதால் கடைசி இலக்கம் 0 அல்லது 5 ஆகவே வரும். கவனிக்கும் பிள்ளை ஏன் என்று கேட்கும், கேட்கட்டும். வீட்டுச் சமையல் தராசு பெரும்பாலும் கிராமில் காட்டும், அதில் புள்ளி இல்லை. அங்கே 85 கிராம் ரவையை நிறுத்துக் கிலோவில் எழுதச் சொல்லுங்கள். 0.85 என்று எழுதினால் கனசதுரத்தை எடுங்கள்: எட்டுக் குச்சியும் ஐந்து சிறுகட்டையும், தட்டு ஒன்றுகூட இல்லை. ஆகவே 0.085. நடுவில் வரும் சைபர் ஏன் விட்டுப்போகக் கூடாது என்பதற்கு இதற்கு மேல் பேச்சு வேண்டாம்.

கனசதுரம் ஒன்றாக இருக்கும்போது பெட்டி இரண்டுக்குக் குறைந்த எண்களை மட்டுமே தாங்கும். சிவப்பு ஒன்றே ஒன்றுதானே. 1.375 வைக்கலாம், 2.375க்கு வழியில்லை. ஆனாலும் நம் பழைய பின்னங்களுக்கு இது போதும். அரை ஐந்து தட்டு. கால் இரண்டு தட்டு ஐந்து குச்சி. அரைக்கால் ஒரு தட்டு, இரண்டு குச்சி, ஐந்து சிறுகட்டை: 0.125. ஒவ்வொரு முறை பாதியாக்கும்போதும் ஓர் இடம் கூடுகிறது, கடைசியில் 5 வந்து நிற்கிறது. அடுத்தது வீசம், அதாவது பதினாறில் ஒன்று, 0.0625. இங்கே சிறுகட்டையில் பாதி வேண்டும், பெட்டி கைவிரித்துவிடும். "அதையும் பத்தா வெட்டினா?" என்று பிள்ளை கேட்டால் பத்தாயிரத்தில் ஒன்று தானாகவே வந்துவிட்டது.

பெருக்கலுக்கு இந்தப் பெட்டி உதவாது. வழிகாட்டித் தாளில் 0.3 × 0.4க்குக் குச்சிகளைக் குறுக்கே போடச் சொல்லியிருக்கிறார்கள். குச்சிமேல் குச்சி ஏறி நிற்கும், கீழே இருப்பது தெரியாது. இங்கே டீக்காசில் கிடைக்கும் கிராஃப் தாள் பெட்டியை மிஞ்சுகிறது. பத்து சென்டிமீட்டர் சதுரம் வரைந்து அதை ஒன்று என்று வையுங்கள். இடமிருந்து மூன்று சென்டிமீட்டர் அகலத்தைப் படுக்கைக் கோடுகளால் நிரப்புங்கள், அடியிலிருந்து நான்கு சென்டிமீட்டர் உயரத்தைச் செங்குத்துக் கோடுகளால் நிரப்புங்கள். இரண்டும் விழுந்த இடத்தில் பன்னிரண்டு கட்டம், நூறில் பன்னிரண்டு, 0.12. 0.3 × 0.2ஐ 0.6 என்று எழுதும் பிள்ளைக்கு ஆறு சின்னக் கட்டத்தைக் காட்டி, இது ஆறு குச்சியா என்று கேளுங்கள். இரண்டு பின்னமும் ஒன்றுக்குக் குறைவு என்றால் பெருக்கின விடை இரண்டையும்விடச் சின்னதாகத்தான் இருக்கும் என்பதும் அந்தப் படத்திலேயே தெரியும். தாளில் ஒரு சதுர மில்லிமீட்டர் 0.0001, ஆக நான்கு இடம்வரை போகலாம்.

வகுத்தலுக்கு மறுபடி கட்டை. 1.2 ÷ 0.3 என்றால் தட்டைக் குச்சியாக மாற்றிப் பன்னிரண்டு குச்சியை மும்மூன்றாகப் பிரித்தால் நான்கு கூறு. (இங்கேயும் குச்சி போதாது, பார்த்துக்கொள்ளுங்கள்.) 0.6 ÷ 0.05க்கு ஆறு குச்சியை அறுபது சிறுகட்டையாக்கி ஐந்தைந்தாகப் பிரித்தால் பன்னிரண்டு. "வகுத்தா குறையணுமே" என்று தடுமாறும் பிள்ளையிடம், அரை லிட்டர் பாட்டிலில் மூன்று லிட்டர் மோரை ஊற்ற எத்தனை பாட்டில் வேண்டும் என்று கேளுங்கள்.

வழிகாட்டித் தாளைப் பெட்டியிலேயே விடச் சொன்னதற்கு முக்கியக் காரணம் அதன் கடைசிப் பக்கம். "வாழ்க்கையில் தசமம்" என்று போட்டு ஒரு கிரிக்கெட் ஸ்கோர்போர்டு, 18.4 ஓவர். அது தசமமே இல்லை. 18 ஓவரும் 4 பந்தும். ஓவருக்கு ஆறு பந்து, ஆகவே 18.4க்குப் பிறகு இரண்டு பந்து போட்டால் 19. சின்னசாமி ஸ்டேடியத்தில் 18.7, 18.8 என்று போர்டில் யாரும் பார்க்க முடியாது. இதே ஏமாற்று வேலை நம் பேச்சிலும் உண்டு. ஐந்தடி ஆறங்குலத்தை 5.6 என்று எழுதுகிறோம். தசமத்தில் அது 5.5 அடி. 1.30 மணி நேரம் என்பது 1.5 மணி நேரம். இவற்றைப் பிள்ளையிடம் மறைக்க வேண்டியதில்லை, நேராகவே சொல்லலாம்: இங்கே புள்ளி வெறும் தடுப்பு, பத்துக்கு ஒன்று என்ற மாற்றம் கிடையாது. தசமம் பிடிபட்டபின் "இதில் எது போலி?" என்று கேட்டால் நல்ல விளையாட்டு.

டியூஷன் எடுப்பவர்களுக்கு ஒரு பெட்டி போதாது; இரண்டு பிள்ளைக்கு மேல் ஒரு பெட்டியில் கை வைத்தால் கூட்டல் சண்டையாகிவிடும். ஒரு பெட்டியை நீங்கள் காட்டுவதற்கு வைத்துக்கொண்டு, பிள்ளைகளுக்குக் கிராஃப் தாளை அட்டையில் ஒட்டித் தட்டும் பட்டையும் கட்டமுமாக வெட்டிக் கொடுங்கள். வீட்டில் தவழும் குழந்தை இருந்தால் மஞ்சள் கட்டைகளை எண்ணி எடுத்து எண்ணி உள்ளே வையுங்கள், தொண்டையில் சிக்கும் அளவு அது.

கூடுதல் குச்சிகளைச் சில கடைகளில் உதிரியாகவும் தருகிறார்கள். வாங்கப் போகும்போது பெட்டியிலிருந்து ஒரு பச்சைக் குச்சியைப் பையில் போட்டுக்கொண்டு போங்கள். ஒரு தயாரிப்பின் குச்சிக்கும் இன்னொன்றின் குச்சிக்கும் அரை மில்லிமீட்டர் தடிமன் வித்தியாசம் இருந்தால் போதும், பத்தை அடுக்கும்போது தட்டைத் தாண்டி நிற்கும். அல்சூரிலிருந்து போனால் மெஜஸ்டிக்கில் பச்சை வழித்தட மெட்ரோவுக்கு மாறிச் சிக்குப்பேட்டையில் இறங்கினால், இரண்டு சாமானையும் ஒரே நடையில் வாங்கிவிடலாம்: குச்சி, தையல் டேப்.